வெள்ளாறு வரை ஒரு ஸ்பானிஷ் சொல்

என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. திருப்பாதிரிப்புலியூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நான் போன பயணம் கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாகப் புவனகிரிக்கு. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. கூட வந்தவர் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த என் அண்ணி பிலார். அவர் தோளில் தொங்கிய நீலப் பைக்குள் என் அண்ணன் இருந்தார்.

அண்ணன் சேகர் கப்பலில் வெல்டிங் வேலைக்குப் போய், அந்த நாட்டின் துறைமுக ஊர் ஒன்றில் தங்கிவிட்டவர். அங்கேயே கல்யாணம், ஒரு பெண் பிள்ளை. ஊருக்கு இரண்டே முறை வந்தார். போன வருஷம் நெஞ்சுவலியில் இறந்துபோனார். அங்கே எரித்து, சாம்பலை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, மூடி, முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே புவனகிரியில் எங்கள் சித்தப்பா, உடம்பு இல்லாமலே காரியம் செய்தார். அப்பா இல்லாத எங்கள் இருவரையும் வளர்த்தவர் அவர்தான். "சாம்பல் தண்ணிய பாக்காத வரைக்கும் அவன் போய்ச் சேரலம்மா" என்று போன் பேசும்போதெல்லாம் சொல்வார்.

அண்ணி தன் மகளிடம் சொல்லி, அவள் கோயம்புத்தூரில் படிக்கும் என் மகளிடம் ஆங்கிலத்தில் சொல்லி, எனக்கு வந்து சேர்ந்த செய்தி இது: கொண்டுவருகிறேன், ஊரைப் பார்க்கிறேன், பார்த்தபிறகுதான் ஆற்றில் விடுவதா திரும்பக் கொண்டுபோவதா என்று சொல்வேன். இரண்டில் ஒன்றுதான் முடியும். முத்திரையை உடைத்துவிட்டால் பெட்டியை விமானத்தில் ஏற்றமாட்டார்களாம்.

அண்ணன் புவனகிரி வெள்ளாற்றில் கரையவேண்டும் என்பதுதான் என் ஆசை. அண்ணன் என்று போய் நிற்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்காக அண்ணியிடம் பேச வேண்டும். அடுத்த தெருக்காரரிடம் மாவு பாக்கெட் நீட்டும்போதே தலையைக் குனிந்துகொள்கிறவள் நான். ஸ்பானிஷில் எப்படிப் பேசுவேன்?

ஸ்பெயினில் குடியிருக்கும் தமிழ்ப்பெண் ஒருத்தி போனில் வீடியோ போட்டுப் பாடம் நடத்துகிறாள். கிரைண்டர் ஓடும்போது அதைக் கேட்டேன். நிறையச் சொற்கள் காதில் விழுந்து கரைந்து போயின. ஒன்று மட்டும் ஒட்டியது. எடுத்துக்கொண்டு போவதற்கு அவர்கள் சொல்லும் சொல். யெவார். அதை வெட்டி வால் மாற்றினால் ஆள் மாறிவிடும். யெவோ, நான் எடுத்துப் போகிறேன். யெவாஸ், நீ போகிறாய். யெவா, அவரோ அவளோ போவது. யெவாமோஸ், நாம். யெவாயிஸ், நீங்கள். யெவான், அவர்கள்.

இது நமக்குப் புதிதில்லை என்று பட்டபோது எனக்குத் தெம்பு வந்தது. போறேன் என்றால் போதும், நான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களும் அப்படித்தான். வாலிலேயே ஆள் இருக்கிறார். உளுந்து மசிகிற சத்தத்துக்கு ஏற்றபடி ஆறையும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். இந்த மாதிரி ஒழுங்காக வால் மாறும் சொற்கள் அவர்களிடம் ஆயிரம் இருக்கின்றனவாம். எனக்கு இந்த ஒன்று போதும் என்றிருந்தது. ஆற்றுக்கு எடுத்துப் போகிறோம் என்பதைத்தானே நான் சொல்லவேண்டும்?

முதல் நாள், அண்ணி வாசலில் வந்து இறங்கியதுமே சங்கடம். ஒல்லியான அம்மாள், நரைத்த குட்டை முடி. என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பிறகு பையோடு வீட்டுக்குள் காலெடுத்து வைக்கப் போனார்.

என் வீட்டுக்காரர் குறுக்கே கையை நீட்டினார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிறவர், எதற்கும் பதறமாட்டார். அன்று பதறினார். சாம்பலை வீட்டுக்குள் கொண்டுவருவது எங்களில் வழக்கமில்லை. சுடுகாட்டிலிருந்து எடுத்தால் மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அப்படியே ஆற்றுக்குக் கொண்டுபோவோம்.

"சரசு, பைய முருங்க மரத்துல மாட்டச் சொல்லு."

"முருங்கக் கெள தாங்காது மாமா."

"அப்ப மாடில, டேங்கு பக்கத்துல."

"எப்புடிச் சொல்றது? எனக்கு அந்த வார்த்தைலாம் தெரியாது."

"மாசக்கணக்கா கிரைண்டர்கூட ஸ்பானிஷ் பேசுனியே, இதுக்கு வார்த்த இல்லையா?"

அண்ணி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். பையைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பையைக் கொடுக்கவில்லை, அதோடு தெருவிலேயே நின்றார். வெயில்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர்தான். வீட்டை ஒட்டி எங்கள் மாவுக்கடை. "கட வேற, வூடு வேற. கடைக்குத் தீட்டு கெடையாது" என்று தீர்ப்புச் சொல்லி, ஷட்டரைத் தூக்கி, கிரைண்டரை ஓரமாகத் தள்ளி, கட்டிலைப் போட்டார். ஆனால் சாம்பல் இருக்கிற கடையில் மாவு அரைக்க எனக்கு மனம் வரவில்லை. "மாவு இல்லயாக்கா? எத்தினி நாளைக்கு?" என்று தூக்குவாளியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். உள்ளே அண்ணி சாம்பார் சோற்றை ஸ்பூனில் சாப்பிட்டார். பை மடியில் இருந்தது.

இரண்டாம் நாள் நேராகப் புவனகிரிக்குப் போயிருக்கலாம். அண்ணி போனைத் திறந்து சிதம்பரம் கோயில் படத்தைக் காட்டினார். அண்ணன் சிறுவயதில் அந்தக் கோயில் குளக்கரையில் உட்கார்ந்து படித்தவர். அதைப் பற்றி அவரிடம் நிறையச் சொல்லியிருக்க வேண்டும். சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "கரைக்கப் போற சாம்பல வெச்சிகினு ஊர் சுத்துவாங்களா? நாளைக்குக் காலைல அய்யருக்குச் சொல்லியாச்சி. வந்துடணும்" என்று வைத்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அண்ணி உட்கார்ந்தார். பூக்கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் எங்களை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, பையையே பார்த்தார். "என்னா இது, இப்புடிக் கட்டிப் புடிச்சிகினு இருக்குது வெள்ளக்காரம்மா? நகையா?"

பொய் சொல்லத் தெரியாமல், "எங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டேன்.

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "சாம்பலா? இதெல்லாம் பஸ்ல ஏத்தலாமா கண்டக்டர்?"

கண்டக்டர் சில்லறையை எண்ணியபடியே சொன்னார். "டிக்கெட் வாங்காதவரு அவரு ஒருத்தர்தான் சார். அவர எறக்கி வுட்டா எனக்கென்னா கெடைக்கும்? உக்காருங்க."

பூக்காரம்மாள் கூடையிலிருந்து ஒரு முழம் சாமந்தியை அறுத்துப் பையின் வாரில் சுற்றிவிட்டார். அண்ணி அதைக் கையால் தடவிக்கொண்டே வந்தார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி, ரோட்டோரத்து டீக்கடைக்கு நடந்தோம். அந்த வெயிலிலும் அண்ணி பையைக் கீழே வைக்கவில்லை. தோள்பட்டை சிவந்திருந்தது. நான் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்க நினைத்தேன். அதற்கு முதலில், இன்னும் நீங்களேதான் தூக்கிக்கொண்டு வருகிறீர்களா என்று கேட்கலாம் என்று வாக்கியம் கட்டினேன். அண்ணியை நீ என்று சொல்லக்கூடாது. நீங்கள் என்றுதான் சொல்லவேண்டும். ஆகவே, என் வாழ்க்கையின் முதல் ஸ்பானிஷ் சொல்லாக, "யெவாயிஸ்?" என்றேன்.

அண்ணி பின்னால் திரும்பிப் பார்த்தார். பஜ்ஜி போடுகிறவரைத் தவிர யாரும் இல்லை. என்னைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து பையைப் பார்த்தார். அவர்கள் ஊரில் அந்த நீங்கள், இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக் கூப்பிடுவதற்கு மட்டும்தானாம். மரியாதைக்கு வேறு வழி உண்டாம். அதை என் மகள் பின்னால் சொல்லித்தான் தெரியும். அந்த டீக்கடையில் நான் அவரையும் அண்ணனையும் சேர்த்துக் கேட்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"நோ," என்றார். பையைத் தட்டினார். "எல் மே யெவா."

யெவா என்றால் அவர். எல்லும் மேயும் எனக்குத் தெரியாது. விரலைப் பை மேலும் பிறகு தன் நெஞ்சின் மேலும் வைத்துக் காட்டினார். டீயை உறிஞ்சியபடி வாலைப் பிடித்துப் பிடித்து வந்து சேர்ந்தேன். அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்கிறார் அண்ணி. அதன்பிறகு பையை நான் கேட்கவில்லை.

சிதம்பரத்தில் கீழவீதி வாசலில் செருப்பைக் கழற்றினோம். சாம்பலோடு கோயிலுக்குள் போகக்கூடாது. செருப்பு வாங்கி வைக்கிறவர், "பைய இங்க குடும்மா, டோக்கன் தர்றேன்" என்று கை நீட்ட, நான் பதறித் தடுத்தேன். கோபுரத்தைக் காட்டி, பையைக் காட்டி, கையை ஆட்டினேன். அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து வாசலோடு திரும்புவதா என்பதுபோல் நிமிர்ந்து கோபுரத்தையே பார்த்தார்.

நான் இரண்டு கையையும் நீட்டினேன். "யெவோ," என்றேன். நான்.

நெடுநேரம் யோசித்தார். பிறகு வாரைத் தலைவழியாக எடுத்து என் தோளில் மாட்டி, பூவைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார்.

நாள் முழுவதும் மாவு நிறுக்கிற கை என்னுடையது. தராசில் வைக்கும் முன்பே கைக்கு எடை தெரிந்துவிடும். பையைத் தூக்கியதும் கை தானாகச் சொன்னது: மூன்று கிலோ. சொல்லியிருக்க வேண்டாம். என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் புவனகிரி பாலத்தில் மிதித்தவர் அவர். கடைப்படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. மடி சுட்டது. தகரம் வெயிலில் காய்ந்திருந்தது.

அப்போது சித்தப்பா போன் செய்தார். எங்கே இருக்கிறேன், பை எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

"உன் கைலயா? அப்ப ஆட்டோ புடிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வா. புவனகிரி வண்டி இருக்கும். நேரா ஆத்துக்கு வந்துடு. அந்தம்மா பின்னால வரட்டும். நாம என்னா திருடுறமா? நம்ம புள்ளடி அவன்."

நான் எழுந்துவிட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ முன்னால் வந்து நின்றது. "பஸ் ஸ்டாண்டா?" என்றார் டிரைவர். ஏறியிருந்தால் சித்தப்பா சொன்னபடியே எல்லாம் முடிந்திருக்கும். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் உள்ளே போனவர் என் ஒற்றைச் சொல்லை நம்பிப் போயிருந்தார். அது பொய்யாகப் போனால் அவரிடம் பேச எனக்கு வேறு சொல் கிடையாது. "இல்ல, போங்க" என்று ஆட்டோவை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

அண்ணி வரவில்லை. நடை சாத்துகிற நேரம் ஆகி, உள்ளே போனவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். பிறகுதான் உறைத்தது. அந்தக் கோயிலுக்கு நான்கு பக்கமும் கோபுரம். புதிதாக வருகிறவர்களுக்கு நான்கும் ஒன்றுபோலவே இருக்கும். வேறு வாசல் வழியாக வெளியே போயிருப்பார். பையைக் கட்டிக்கொண்டு தெருவோடு ஓடினேன். தெற்குவீதி முனையில் கூட்டம். நடுவில் அண்ணி, வெறுங்காலோடு, கொதிக்கிற தாரில் மாற்றி மாற்றி நின்றுகொண்டு, என் உயரத்தைக் கையால் காட்டி எல்லோரிடமும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் புரியவில்லை. "தண்ணி கேக்குதுபோல" என்று ஒருவர் பாட்டிலை நீட்டினார்.

நான் போய்ச் சேர்ந்ததும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பிடுங்கினார். அதோடு அப்படியே ரோட்டில் உட்கார்ந்து, நெற்றியைப் பெட்டியின் மேல் வைத்து, குரல் விட்டு அழுதார். நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்றே நினைத்திருக்கிறார். நானும் எழுந்தது உண்மைதானே. பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாதங்களில் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன்.

சாப்பிடப் போனோம். இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் வந்தன. முதலில் தொடவில்லை. நான் ஒரு வாய் பிட்டுக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். கத்திரிக்காயை விரலில் எடுத்து, "பெரென்ஹேனா" என்று சொல்லி, தங்கள் ஊரிலும் உண்டு என்று தலையாட்டினார். பிறகு போனில் ஒரு படம் காட்டினார். வெள்ளைச் சுவர், அதில் புறாக்கூண்டு மாதிரி வரிசையாக மாடங்கள். அவர்கள் ஊர்க் கல்லறை. ஒரு மாடத்தின் முன்னால் பூச்சாடி, உள்ளே காலி. அதைத் தொட்டு "சேகார்" என்றார். அதை ஒட்டிய இன்னொரு காலி மாடத்தைத் தொட்டுத் தன் நெஞ்சைத் தொட்டார். அடுத்த படத்தில் அவர் மகள் அந்தப் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தாடை அப்படியே அண்ணன்.

அண்ணி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புவனகிரி எந்தத் திசை என்று தெரியாமல் பொதுவாக ஒரு பக்கம் கை காட்டி, பையை என் பக்கமாக ஒரு அங்குலம் தள்ளினார். கொடுத்துவிடுகிறேன் என்கிறார். கேட்க மனமில்லாதவளிடம், கொடுக்க மனமில்லாதவர். அன்று ஒரு லாட்ஜில் தங்கினோம். பை யாருடைய கட்டிலிலும் இல்லை. நடுவில் ஒரு நாற்காலியில் இருந்தது.

மூன்றாம் நாள் காலை புவனகிரி. வெள்ளாற்றில் மணலுக்கு நடுவே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் சித்தப்பா, அவர் மகன், அய்யர், பால் சொம்பு, பூத்தட்டு, புதுச் சட்டி. என் வீட்டுக்காரர் கடலூரிலிருந்து நேராக வந்திருந்தார். அண்ணி எல்லோருக்கும் கும்பிட்டார். சித்தப்பா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

"பெட்டிய எடுத்து சட்டில கொட்டச் சொல்லும்மா."

அண்ணி பெட்டியை வெளியே எடுத்தார். முத்திரைத் தாளில் நகத்தை வைத்தார். கிழிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

வாழ்க்கையில் சித்தப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை நான். "சித்தப்பா, வேணாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "வேணாம். அவுங்க எடுத்துகினு போவட்டும்."

"எங்க?"

"வூட்டுக்கு. அங்க எடம் வெச்சிருக்காங்க. பக்கத்துல இவுங்களுக்கும். பொண்ணு தெனம் தண்ணி ஊத்துது."

"ஏண்டி, ஒரு வருசமா பெட்டிக்குள்ள கெடக்குறான். வளத்தவன் நான், அவன் மூஞ்சியக்கூட பாக்கல. இதையும் பாக்காம அனுப்பணுமா?" சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "உனக்கு வேணாமா அவன்?"

"வேணும் சித்தப்பா" என்றேன்.

"மாமா, சரசு இவ்ளோ பேசி நானே பாத்ததில்ல. வுட்டுடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. நகம் இன்னும் தாள்மேல் இருந்தது. நான் அவர் கையைப் பிடித்து எடுத்தேன். கொண்டு போ என்று சொல்லும் வடிவம் எனக்குத் தெரியாது. கிரைண்டர் பாடத்தில் அதுவரை போகவில்லை. கேட்கவும் தெரியாது, வேண்டிக்கொள்ளவும் தெரியாது. நடக்கிறதை நடக்கிறபடி சொல்லத்தான் தெரியும். கரைந்துபோன பாடத்திலிருந்து இன்னும் சில சொற்கள் அப்போது மிதந்து வந்தன. கூச்சத்தை விட்டு, நீ என்றே சொன்னேன். "து யெவாஸ். மி எர்மானோ. கசா." நீ எடுத்துப் போகிறாய். என் அண்ணனை. வீட்டுக்கு.

அண்ணி பெட்டியை அணைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தார். அய்யர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பா ஆற்றைப் பார்த்து நின்றார். மணலில் யாரோ ஒருவருடைய மாடு வந்து பூத்தட்டை மோந்து பார்த்தது. சித்தப்பா மகன் விரட்டினார்.

பிறகு சித்தப்பா எங்களைப் பார்க்காமலே சொன்னார். "தூரப் பயணம் போறவன். குளிப்பாட்டியாவது அனுப்புங்க."

அண்ணியைக் கைபிடித்துத் தண்ணீருக்குள் கூட்டிப்போனேன். அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். நான் சொம்பால் வெள்ளாற்றை மொண்டு மொண்டு ஊற்றினேன். முதலில் பால், பிறகு தண்ணீர். தகரத்தில் வழிந்து, முத்திரைத் தாளைப் பிய்க்காமல் நனைத்து, என் புடவையிலும் அண்ணியின் பேண்டிலுமாக இறங்கி, ஆற்றோடு கிழக்கே போயிற்று.

கரையேறியதும் அண்ணி ஈரப் பெட்டியைப் பைக்குள் வைக்கப் போனார். சித்தப்பா "இரு, இரு" என்று கிட்டே வந்தார். தோளில் கிடந்த துண்டை உதறி, பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, மூலை மூலையாகத் துடைத்தார். தலை துவட்டுகிறவரைப்போல அழுத்தி, நிதானமாக. துடைத்து முடித்ததும் துண்டை விரித்து, பெட்டியை அதில் சுற்றி, அண்ணியிடம் கொடுத்தார்.

"ஈரத்தோட பிளேன்ல ஏத்த வேணாம்னு சொல்லும்மா" என்றார். "சளி புடிச்சிக்கும் அவனுக்கு."